வளையும் பசை முரண்டு பிடிக்கும்போது: ஃப்ளை கட்டுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

தூண்டில் முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலால் கட்டிச் செய்யும் செயற்கை மீன் இரையான ஃப்ளைக்கு இரண்டு விதமான பசை தேவைப்படுகிறது. ஒன்று, தலைப்பகுதியில் நூல் முடிச்சு அவிழாமல் பிடித்துக்கொண்டு கண்ணாடிபோல் இறுகி நிற்கும் கடினப் பசை. மற்றொன்று, இறகோடு சேர்ந்து வளைந்து, மீனின் பற்களில் சிக்கி வெளிவந்த பின்பும் இறகைப் பிரியவிடாமல் வைத்திருக்கும் வளையும் பசை. இங்கே பேச்சு இரண்டாவதைப் பற்றியது. ஓக்லஹோமாவில் பிறந்த அமெரிக்க ஃப்ளைக் கலைஞர் டேவ் விட்லாக் (1934–2022) பெயரைத் தாங்கிய டேவ்ஸ் ஃப்ளெக்ஸமென்ட், இவ்வகைப் பசைகளில் பலரும் அறிந்தது. அவருடைய வெட்டுக்கிளி ஃப்ளையில் இறக்கையாக அமைவது வான்கோழி இறகிலிருந்து வெட்டிய ஒரு பட்டை. பசை பூசாமல் அந்தப் பட்டையைக் கட்டினால், அது இரண்டு மூன்று மீன்களுக்குள் இழை இழையாகப் பிரிந்து துடைப்பம்போல் ஆகிவிடும்.

"பசை கெட்டுவிட்டது" என்று சொல்லித் தூக்கியெறியப்படும் புட்டிகளில் பெரும்பாலானவற்றில் பசை கெட்டிருப்பதில்லை. அதிலிருந்த கரைப்பான் ஆவியாகிப் போயிருக்கும், அல்லது அதற்குப் பொருந்தாத கரைப்பான் உள்ளே போயிருக்கும். ஆகவே எந்தக் குறையைக் கண்டாலும், "இந்தப் பசை எதில் கரைவது?" என்ற கேள்வியை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது. கீழே வரும் வழிமுறைகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்கிறது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை.

தொடங்குமுன்: புட்டியில் இருப்பது எந்தக் குடும்பம்?

ஃப்ளெக்ஸமென்ட்டும், கூப், ஷூ கூ போன்ற ரப்பர்த் தன்மையுள்ள ஒட்டுப்பசைகளை வீட்டிலேயே இளக்கிச் செய்துகொள்ளும் பசையும் டொலுயீன் என்ற கரைப்பானுக்குக் கட்டுப்படுபவை. வினைல் பசையும், நைட்ரைல் ரப்பரால் ஆன பிளையோபாண்டும் மெத்தில் எத்தில் கீட்டோனுக்குக் கட்டுப்படுபவை, சுருக்கமாக எம்.இ.கே. என்பார்கள். நெயில் பாலிஷும் பழைய வகைத் தலைப்பசைகளும் நைட்ரோசெல்லுலோஸால் ஆனவை; அசிட்டோனும் அசிட்டேட் வகைக் கரைப்பான்களும் அவற்றுக்கு உரியவை. இவை உண்மையில் வளையும் பசைகள் அல்ல, ஆனாலும் மேசைமேல் ஒரே மாதிரிப் புட்டிகளில் நிற்பதால் குழப்பம் வருகிறது. நான்காவதாக, பால்போல் வெண்மையாக இருந்து காய்ந்தபின் தெளியும் நீர்வகைப் பசைகள் உள்ளன. அக்வாசீல் போன்ற யூரித்தேன் பசைகளும் புற ஊதா ஒளியில் இறுகும் ரெசின்களும் வேறொரு சாதி: இவை காய்வதில்லை, வேதிவினையால் இறுகுகின்றன. இறுகியபின் எந்தத் தின்னரும், அதாவது இளக்குவதற்கு ஊற்றும் எந்தக் கரைப்பானும், அவற்றை மறுபடியும் பழைய பசையாக்காது.

புட்டியின் ஒட்டுத்தாள் கிழிந்துபோயிருந்தால் கழுத்தைச் சுற்றிக் காய்ந்திருக்கும் பசையே சாட்சி சொல்லும். அதிலிருந்து ஒரு துணுக்கைச் சுரண்டி, கண்ணாடித் துண்டின்மேல் மூன்று இடங்களில் வைத்து, ஒன்றின்மேல் டொலுயீன், மற்றொன்றின்மேல் எம்.இ.கே., மூன்றாவதன்மேல் அசிட்டோன் என ஒவ்வொரு துளி விடுங்கள். சில நிமிடங்களில் எது வழுவழுப்பான கூழாகிறதோ, அதற்குரிய கரைப்பானே அந்தப் பசையின் தின்னர். மூன்றிலும் கல்போல் அசையாமல் இருந்தால், அல்லது வீங்கி மட்டும் நின்றால், அது இறுகும் வகை. அதை இளக்கப் பார்ப்பது வீண் வேலை.

பசை ஊசி நுனியிலிருந்து நூலாக இழுபடுகிறது

மிக அடிக்கடி வரும் குறை இதுதான். எளிதில் தீர்வதும் இதுதான். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் கரைப்பான் கொஞ்சம் போகிறது, பசை அப்படியே தங்குகிறது. அதனால் புட்டி பாதியாகும் நேரத்தில் உள்ளே இருப்பது வாங்கிய நாளில் இருந்த பசை அல்ல.

15 மில்லி புட்டிக்கு ஐந்து துளித் தின்னரில் தொடங்குங்கள். சொட்டியவுடன் கலக்கிப் பார்த்து "போதவில்லை" என்று மேலும் பத்துத் துளி ஊற்றுவதே வழக்கமான தவறு. ரப்பர்த் தன்மையுள்ள பசை கரைப்பானை மெதுவாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்தால் அதே ஐந்து துளி போதுமானதாக இருந்திருக்கும். மூடியை இறுக்கி, புட்டியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். வேகமாகக் குலுக்கினால் குமிழிகள் புகுந்து, இறகின்மேல் காயும்போது சின்னஞ்சிறு அம்மைத் தழும்புகளாக நிற்கும்.

எவ்வளவு இளக வேண்டும் என்பதற்கு நம் சமையலறையிலேயே அளவுகோல் இருக்கிறது. நூல் சுற்றுகளுக்குள்ளும் மான் மயிரின் அடிப்பகுதிக்குள்ளும் ஊற வேண்டிய பசை, சர்க்கரை கரைந்து பிசுபிசுப்பு வராத பாகுபோல், ஊசியிலிருந்து துளியாக அறுந்து விழ வேண்டும். இறகின்மேல் படலமாக நிற்க வேண்டிய பசை ஒற்றைக் கம்பிப் பதத்துக்குச் சற்று முன்னால் நிற்கலாம். இந்த இரண்டு வேலைக்கும் ஒரே புட்டியை வைத்துக்கொண்டு காலையில் இளக்குவதும் மாலையில் கெட்டியாகும்வரை திறந்துவைப்பதுமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு சிறு புட்டிகளாகப் பிரித்து வைத்துக்கொள்வது அதைவிட மலிவு.

மேலே ஆடை கட்டியிருந்தால் அதை உள்ளே அமுக்கிக் கலக்காமல் ஊசியால் தூக்கி வெளியே போட்டுவிடுங்கள். கலக்கினால் அது கரைவதற்குள் கட்டிகளாகச் சிதறி, ஊசி தொட்ட இடமெல்லாம் ஒட்டும். புட்டி முழுவதும் ரப்பர்க் கட்டியாகிவிட்டாலும், அது கரைப்பான்வகைப் பசையாக இருந்தால் மனம் தளர வேண்டாம். கட்டி மூழ்கும் அளவுக்கு உரிய தின்னரை ஊற்றி, இறுக மூடி, ஓரிரு நாள் தொடாமல் விட்டால் பெரும்பாலும் மீண்டுவிடும். சூடு காட்டினால் சீக்கிரம் கரையுமே என்று அடுப்பின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. டொலுயீனின் தீப்பற்று வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ்; அதாவது சாதாரண அறையின் வெப்பத்திலேயே அதன் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது.

கூப் வகைக் குழாய்ப் பசையிலிருந்து புதிதாகச் செய்துகொள்பவர்கள், புட்டியில் மூன்றில் ஒரு பங்கு பசையும் மீதி டொலுயீனுமாகத் தொடங்கி, ஓர் இரவு ஊறவிட்டு, பிறகு தேவைக்கேற்பச் சரிசெய்யலாம். குழாயின்மேல் உள்ள பொருட்பட்டியலைப் படிக்காமல் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் இப்பசைகளில் சில, உலர் சலவையில் பயன்பட்ட டெட்ராகுளோரோஎத்திலீனைக் கரைப்பானாகக் கொண்டவை. அந்த ஆவியை மேசைக்கு முன் மணிக்கணக்கில் உட்கார்ந்து சுவாசிக்கத் தேவையே இல்லை.

தின்னர் ஊற்றியதும் பசை பால்போல் திரிந்துவிட்டது

ஒரு முறை இரவில் டொலுயீன் தீர்ந்துபோய், கையில் இருந்த அசிட்டோனை வீட்டில் செய்த ரப்பர்ப் பசையில் ஊற்றிவிட்டேன். தெளிவாக இருந்த புட்டி கண்ணெதிரே வெளுத்தது. அடியில் வெள்ளைச் சவ்வு திரண்டது, மேலே தண்ணீர்போல் ஒரு திரவம் நின்றது. இரண்டு மாதத்துக்கு வைத்திருந்த பசை அரை நிமிடத்தில் போனது.

காரணம் எளிது. அந்த ரப்பரை அசிட்டோன் கரைப்பதில்லை. அது டொலுயீனோடு கலந்து, ரப்பரைத் தாங்கி நின்ற கரைப்பானின் வலிமையைக் குறைத்துவிட, ரப்பர் தனியே ஒதுங்கித் திரள்கிறது. இதே விபத்து எதிர்த் திசையிலும் நேரும்: நெயில் பாலிஷில் சிறிது டொலுயீன் பொறுக்கும், ஆனால் அளவு மீறினால் நைட்ரோசெல்லுலோஸ் வெளியே வந்துவிடும். நெயில் பாலிஷ் அகற்றும் திரவங்களும் இதில் குற்றவாளிகள்தாம். அவற்றில் பலவற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருப்பதால் அவை அழிப்பதற்கு உதவுமே தவிர இளக்குவதற்கு உதவாது.

பெயின்ட் கடையில் "தின்னர்" என்று மட்டும் கேட்டு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் ஊர்க் கடைகளில் என்.சி. தின்னர் என்ற பெயரில் கிடைப்பது டொலுயீன், அசிட்டேட், கீட்டோன், ஆல்கஹால் எனப் பல கரைப்பான்களின் கலவை. அதன் விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். இந்த மாதம் ஒத்துழைத்தது அடுத்த மாதம் திரியவைக்கலாம். டர்பன்டைனும் மண்ணெண்ணெயும் அதைவிட மோசம், ஏனென்றால் அவை மெதுவாக ஆவியாகி, போகும்போதும் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப் போகும்.

திரிந்த பசையை மீட்க முயல்வதில் பயனில்லை. சவ்வை எடுத்துப் புதிய டொலுயீனில் போட்டால் ஓரளவு கரையும் என்பது உண்மைதான். ஆனால் கலந்துபோன அசிட்டோன் அதோடு வந்துகொண்டே இருக்கும், காயும் படலமும் சீராக இராது. இனி வராமல் காக்க ஒரு பழக்கம் போதும்: புதிய தின்னர் எதுவானாலும், முதலில் ஓர் உலோக மூடியில் நான்கு துளிப் பசையோடு இரண்டு துளி கலந்து பத்து நிமிடம் பாருங்கள். மங்கவில்லை, திரளவில்லை, காய்ந்தபின் விரலால் வளைத்தால் வெடிக்கவில்லை என்றால் மட்டும் அதைப் புட்டிக்குள் விடுங்கள்.

காய்ந்த பசையின்மேல் வெள்ளை மூட்டம்

இதில் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. கட்டி முடித்த சில நிமிடங்களிலேயே மூட்டம் தெரிந்தால் குற்றவாளி காற்றின் ஈரம். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பைக் குளிரவைக்கிறது. மழைக்காலத்துச் சென்னை போன்ற கடலோர ஊர்களில் அந்தக் குளிர்ச்சியே போதும், காற்றிலுள்ள நீர் பனியாகப் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். பியூட்டைல் அசிட்டேட் ஆவியாகும் வேகத்தை 1 என்று வைத்தால், டொலுயீன் ஏறத்தாழ 2, எம்.இ.கே. 4, அசிட்டோன் 6 என்ற அளவில் வரும். ஆகவே ஈரக்காற்று அடிக்கும் நாளில் அசிட்டோன்வகைப் பசையே முதலில் வெளுக்கும், டொலுயீன்வகைப் பசை பெரும்பாலும் தப்பிக்கும்.

இதற்குத் தீர்வு புதுப் பசை பூசுவதல்ல. குளிர்சாதனம் ஓடிக் காற்று உலர்ந்திருக்கும் அறையில், மூட்டத்தின்மேல் ஊசி நுனியால் துளியளவு உரிய தின்னரைத் தொட்டு வையுங்கள். மேல்படலம் இளகி, சிக்கிய நீர் வெளியேறி, மறுபடி தெளிவாகக் காயும்.

தண்ணீரில் போட்ட பிறகு வெளுத்து, எடுத்து உலர்த்தினால் தெளிகிறது என்றால், அது வேறு நோய்: நீர்வகைப் பசை முழுதாகக் காய்வதற்கு முன் ஃப்ளை ஆற்றுக்குப் போயிருக்கிறது. தொட்டால் ஒட்டாத நிலைக்கும் உள்ளே காய்ந்த நிலைக்கும் நடுவே இப்பசைகளில் நீண்ட இடைவெளி உண்டு. ஓரிரு நாள் பொறுத்த பிறகும் வெளுத்தால், அந்தப் பசையைத் தலைமுடிச்சுக்கு வைத்துக்கொண்டு இறக்கைக்கு வேறு பசை தேடுங்கள்.

இறகுப் பட்டை பிளக்கிறது, அல்லது மடக்கினால் ஒடிகிறது

வளையும் பசையின் உண்மையான சோதனைக்களம் இதுதான். டான் கேப்பன் 1930களில் ஒன்டாரியோவின் நிப்பிகன் ஆற்றங்கரையில் உருவாக்கிய மட்லர் மின்னோ என்ற ஃப்ளையிலும் சரி, விட்லாக்கின் வெட்டுக்கிளியிலும் சரி, புள்ளி புள்ளியான வான்கோழி இறகுப் பட்டையே அழகு, அதுவே பலவீனமும். இறகின் இழைகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை கண்ணுக்குத் தெரியாத சிறு கொக்கிகள். ஃப்ளை கட்டும் நூல் இறுகும்போதே அவற்றில் பாதி கழன்றுவிடும். பசை செய்ய வேண்டியதெல்லாம் அந்தக் கொக்கிகள் விட்ட வேலையைத் தொடர்வதுதான்.

ஒடிவதற்கும் பிளப்பதற்கும் காரணங்கள் வேறு. மடக்கும்போது பட்டை முறுக்குபோல் நொறுங்கினால், பூசியது நெயில் பாலிஷோ கடினத் தலைப்பசையோதான். அல்லது அவசரத்துக்குத் தொட்ட சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ). இவை நூல் முடிச்சுக்குச் சிறந்தவை, இறக்கைக்கு எதிரிகள். நொறுங்காமல் நீளவாக்கில் கோடுகோடாகப் பிளந்தால் பசை சரியானது, பூசிய முறை தவறு. பசை மிகவும் இளகியிருந்ததால் இழைகளுக்குள் ஊறிப் போய்விட்டது. இழைகளுக்கு நடுவே பாலமாக நிற்க மேலே ஒன்றும் மிஞ்சவில்லை.

என் முறை இது. இறகைத் தண்டோடு முழுதாக வைத்துக்கொண்டு, மங்கலான உட்புறத்தில், தண்டிலிருந்து விளிம்பு நோக்கி, இழைகள் ஓடும் திசையிலேயே தூரிகையால் ஒருமுறை இழுத்துப் பூசுகிறேன். குறுக்கே பூசினால் கொக்கிகள் கழன்று இடைவெளிகள் விழும். வெளிப்புறத்தில் பூசினாலும் பிடிக்கும், ஆனால் இறகின் நிறம் எண்ணெய் பட்ட காகிதம்போல் ஒரு படி கறுக்கும். முதல் பூச்சு இளகிய புட்டியிலிருந்து, அது காய்ந்தபின் இரண்டாவது பூச்சு கெட்டியான புட்டியிலிருந்து. முதலாவது இழைக்குள் ஊறி வேர் பிடிக்கிறது, இரண்டாவது மேலே பாலமாகிறது. ஓர் இரவு துணிக்கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, மறுநாள்தான் பட்டைகளாக வெட்டுகிறேன். தொட்டால் ஒட்டவில்லை என்பதை நம்பி அரை மணியில் வெட்டினால், கத்தரிக்கோலின் அலகில் பசை ஏறி அடுத்த வெட்டில் இழைகளை இழுத்துவிடும்.

மழைக்காலத்தில் ஒரே உட்காரலில் பத்து இருபது இறகுகளுக்குப் பூசி, காகித உறையில் இட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பாலித்தீன் உறை வேண்டாம்; முழுதாகக் காயாத ஒன்று மற்றவற்றையும் ஒட்டவைத்துவிடும். நீரில் வாழும் இளம்பூச்சிபோல் செய்யும் நிம்ஃப் வகை ஃப்ளைகளின் முதுகில் மடக்கி வைக்கும் இறக்கைக் கூட்டுக்கும் இதே முறைதான். அதில் மடிப்பு கூர்மையாக விழுவதால் இரண்டாவது பூச்சு மெல்லியதாக இருக்கட்டும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட இறகில் மட்டும் பசை நிற்காமல் துளித்துளியாக உருண்டால், இறகில் எண்ணெய் இருக்கிறது. மிதவைக்காகப் பூசும் சிலிக்கோன் களிம்பு பட்ட விரலால் தொட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். இளஞ்சூட்டு நீரில் துளி பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டு இறகை அலசி, நிழலில் உலர்த்தி, விரலால் நீவி இழைகளைச் சேர்த்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

நாள் கழிந்தும் பிசுபிசுப்பு போகவில்லை

தடித்த ஒரே பூச்சுதான் முதல் சந்தேகம். மேல்பரப்பு தோலாகக் காய்ந்து, உள்ளே இருக்கும் கரைப்பானுக்கு வழியை அடைத்துவிடுகிறது. காற்றோட்டமான இடத்தில் ஒரு வாரம் தொங்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குள் பெட்டிக்குள் வைத்து மூடுவதுதான் பலர் செய்யும் தவறு. மூடிய பெட்டியில் கரைப்பான் போக இடமில்லை.

ஒரு வாரம் கழித்தும் ஒட்டினால் பசைக்குள் காயாத பொருள் ஏதோ இருக்கிறது. டர்பன்டைன் கலந்திருக்கலாம்; புட்டிக் கழுத்தில் மூடி ஒட்டாதிருக்கத் தடவிய வாசலின் உள்ளே இறங்கியிருக்கலாம், ஏனென்றால் டொலுயீன் அதை நன்றாகக் கரைத்துக்கொள்ளும். மூன்றாவது காரணம் எளிதில் மனத்தில் தோன்றாதது: தூண்டிலில் இரையாக மாட்டும் மென்பிளாஸ்டிக் புழுக்களையும் ஃப்ளைகளையும் ஒரே பெட்டியில் வைத்திருப்பது. அந்தப் புழுக்களை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியேறி, தொட்டுக்கொண்டிருக்கும் பசைப் படலத்தையும் வண்ணத்தையும் சில வேளை பெட்டியின் பிளாஸ்டிக்கையுமே இளக்கிவிடும்.

செருப்புத் தைப்பவர்களிடம் இருக்கும் மஞ்சள் ரப்பர்ப் பசையைப் பயன்படுத்திவிட்டு "காயவில்லை" என்பவர்களுக்கு ஒரு சொல். அது இரண்டு பரப்பிலும் பூசி ஒன்றோடொன்று அழுத்தி ஒட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. ஃபோம் துண்டுகளை முள்ளின்மேல் ஒட்ட அது மிகப் பொருத்தமானது. வெளியே தெரியும் பூச்சாக அது பொருந்தாது.

புற ஊதா ரெசினில் மேலே தங்கும் பிசுபிசுப்பு முற்றிலும் வேறு காரணத்தால் வருவது. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல் அடுக்கை இறுகவிடாமல் தடுக்கிறது. ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தால் போகும். போகாவிட்டால் விளக்கின் பேட்டரியைப் பாருங்கள்.

மார்க்கர் நிறம் கசிகிறது, ஒட்டிய கண் சுருங்குகிறது

டொலுயீனும் எம்.இ.கே.யும் பசையை மட்டும் கரைத்துவிட்டு மற்றதை மரியாதையோடு விட்டுவைப்பவை அல்ல. மார்க்கரால் போட்ட பட்டைகள் கலங்கும், பிளாஸ்டிக் கண்களின் அச்சு சுருங்கும், பாலிஸ்டைரீன் உருண்டை கரைந்தே போகும். இங்கே பசையை மாற்றாமல் வரிசையை மாற்றினால் போதும். நிறம் போட்ட இடத்தில் முதலில் நீர்வகைப் பசையை மெல்லியதாகப் பூசி, முழுதாகக் காயவிட்டு, அதன்மேல் வளையும் பசையை ஒரே வீச்சில், தேய்க்காமல், போகவிடுங்கள். தேய்த்தால் தடுப்புப் படலமும் இளகும். பாலிஸ்டைரீனுக்கு இந்தத் தந்திரத்தையும் நம்ப வேண்டாம். அதற்கு நீர்வகைப் பசை மட்டுமே.

தலையிலிருந்து பசை தோலாக உரிகிறது

கெட்டிப் பசையை நேராக நூல்மேல் வைத்தால் அது தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும், உள்ளே இறங்காது. இளகிய பசையை முதலில் ஊறவிட்டு, பிறகு கெட்டிப் பசையால் மூடினால் உரிவது நின்றுவிடும். மெழுகு ஏற்றிய நூலில் நீர்வகைப் பசை இறங்க மறுக்கும். டொலுயீன் மெழுகைக் கரைத்துக்கொண்டு உள்ளே போவதால் அங்கே அதுவே மேல்.

முள்ளின் கண் (தூண்டில் நூல் கோக்கும் துளை) அடைபட்டால், பசை ஈரமாக இருக்கும்போதே கோழி இறகின் தண்டு ஒன்றைக் கண்ணுக்குள் நுழைத்து இழுங்கள். அதன் இழைகள் தூரிகைபோல் துடைத்துவிடும். ஆற்றங்கரையில் நின்று பல்லால் நூலைக் கடித்துக்கொண்டு ஊசியால் குத்துவதைவிட இது சுலபம்.

பசை சரியாக இருக்கிறது, கட்டுபவருக்குத் தலை வலிக்கிறது

உடனே நிறுத்திவிட்டு வெளியே செல்லுங்கள். டொலுயீன் ஆவி நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. தலைவலியும் தலைச்சுற்றலும் அதன் முதல் அறிவிப்பு. இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை, மேசையிலிருந்து வழிந்து தரையோடு படரும். ஆகவே உயரத்தில் ஒரு சன்னல் திறந்திருக்கிறது என்பது போதாது, முகத்திலிருந்து காற்றை விலக்கி வெளியே தள்ளும் விசிறி வேண்டும். கொசுவர்த்தியோ ஊதுவத்தியோ அந்த அறையில் எரியக் கூடாது. மெல்லிய நைட்ரைல் கையுறை சிறு சிதறலுக்குத் தாங்கும், ஆனால் டொலுயீனும் எம்.இ.கே.யும் நிமிடங்களில் அதை ஊடுருவிவிடும். ஈரமானால் கழற்றி எறியுங்கள். மிச்சப் பசையைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல், பழைய தகர மூடியில் பரப்பி, பிள்ளைகளுக்கு எட்டாத திறந்தவெளியில் காயவைத்து, கட்டியான பிறகு அப்புறப்படுத்துங்கள்.

திறக்காத புட்டியும் வற்றுகிறது. மூடி திறக்க மறுக்கிறது

வற்றுவதற்குக் காரணம் பெரும்பாலும் புட்டியே. மெல்லிய பாலித்தீன் புட்டியின் சுவர் வழியாக டொலுயீன் மெல்ல வெளியேறும். சில மாதங்களில் புட்டி உள்நோக்கிச் சப்பிப்போய் நிற்பதைப் பார்க்கலாம். கண்ணாடிபோல் பளபளக்கும் பாலிஸ்டைரீன் டப்பாவில் ஊற்றினால் காலையில் டப்பாவும் பசையும் ஒன்றாகியிருக்கும். கண்ணாடிப் புட்டியும், உள்ளே கூம்பு வடிவ அடைப்பு உள்ள மூடியும்தான் சரியான இணை. ஊற்றும்போது கழுத்தின் திருகுகளில் பசை படாமல் பார்ப்பதும், பட்டால் மூடுமுன் தின்னர் தொட்ட துணியால் துடைப்பதும் மூடி ஒட்டிக்கொள்ளாதிருக்க ஒரே வழி. ஏற்கெனவே ஒட்டிக்கொண்ட மூடியின் விளிம்பைச் சுற்றி இரண்டு துளித் தின்னர் விட்டுக் கால் மணி காத்திருங்கள். குறடு போட்டுத் திருகினால் கண்ணாடிக் கழுத்துதான் உடையும்.

புட்டி பாதியானதும் மேலே உள்ள வெற்றிடமே எதிரி. சிறிய புட்டிக்கு மாற்றுங்கள். அல்லது நன்றாகக் கழுவி உலர்த்திய கண்ணாடிக் கோலிகளை உள்ளே போட்டுப் பசை மட்டத்தைக் கழுத்துவரை உயர்த்துங்கள். புட்டியைத் தலைகீழாக வைக்கச் சொல்பவர்களும் உண்டு. ஆவி வெளியேறுவது நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் அடுத்த முறை திறக்கும் பாடு உங்களுடையது.

டொலுயீன், எம்.இ.கே. புட்டிகளை வீட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். கசிந்த ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கும், உள்ளே மின்பொறி எழும் பாகங்கள் உண்டு, உணவிலும் நாற்றம் ஏறும். வெயில் படாத இருட்டு அலமாரி போதும். யூரித்தேன் பசைக்கு மட்டும் விதி வேறு: காற்றின் ஈரத்தால் இறுகுவது அது என்பதால், திறந்த குழாயைப் பிதுக்கிக் காற்றை நீக்கி, இறுக மூடி, காற்றுப்புகா உறையில் இட்டு உறைபெட்டியில் வைப்பது வழக்கம். எடுத்தவுடன் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த வாயில் பனித்துளி படிந்து நீங்களே ஈரத்தை ஊட்டியதாகிவிடும். நீர்வகைப் பசை இதற்கு நேர் எதிர். ஒருமுறை உறைந்தால் அதன் பால்மம் உடைந்து, தயிர்போல் கட்டிதட்டி, பிறகு சேரவே சேராது.

கடைசியாக, ஒவ்வொரு புட்டியிலும் மூன்று செய்தி இருக்க வேண்டும்: என்ன பசை, எந்தத் தின்னர், கடைசியாக எந்தத் தேதியில் எத்தனை துளி சேர்த்தது. அதை மாஸ்கிங் டேப்பின்மேல் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கரால் எழுதினால், டொலுயீன் முதல்முறை வழிகிற அன்றே எழுத்தும் வழிந்துவிடும்.